பொன்னியின் செல்வன் 2: கொன்றது யார்னு தெரிஞ்சவங்களுக்கு ஒரு த்ரில்லர்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

தக்கலையிலிருந்து பேசறேன். வெளியே மழை. ஓட்டு மேல விழற சத்தம் மைக்கில் வந்தா பொறுத்துக்கோங்க.

முதல்லயே ஒரு எச்சரிக்கை. பொன்னியின் செல்வன் நாவலும் படமும் இன்னும் பார்க்காதவங்க, படிக்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு அப்புறமா வாங்க. கதை முழுக்க உடையும்.

2023 ஏப்ரல் 28. பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் ரிலீஸ். என் பெரியம்மையை நாகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கல்கி பத்திரிகை இந்தத் தொடரைப் பின்னாலும் பல தடவை மறுபடி வெளியிட்டது இல்லையா, அப்படி ஒரு தடவை வந்தப்போ வாராவாரம் பக்கத்தைக் கிழிச்சு வெச்சு, பைண்டு பண்ணி, இன்னைக்கும் அலமாரியில் வெச்சிருக்கிற ஆள் அவங்க. நான் நாவலைத் தொட்டதே இல்லை. படம் முடிஞ்சு வெளியே வந்ததும் எனக்கு ஒரே உற்சாகம். அவங்க பஸ் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசல. சுங்கான்கடை தாண்டினப்புறம்தான் வாயைத் திறந்தாங்க. "மக்களே, அவனுவ எடுத்தது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்க நந்தினி இது இல்ல."

ஒரே படம். பக்கத்துப் பக்கத்து சீட். ரெண்டு பேருக்கு ரெண்டு படம் எப்படி ஓடுச்சு? இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

எத்தனை வருஷக் காத்திருப்பு?

என்னை மாதிரி படம் மட்டும் பார்த்தவங்களுக்குக் காத்திருப்பு ஏழு மாசம். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30ல் வந்தது. அருள்மொழி கடலில் மூழ்கறார், ஒரு வயசான பெண் நீந்தி வர்றாங்க, பார்த்தா அது நந்தினியோட முகம். அந்த இடத்தில் நிறுத்திட்டாங்க. நமக்குத் தலை வெடிச்சுது.

வாசகர்களுக்கு அந்தக் கணக்கு வேற. கல்கி இந்தத் தொடரை எழுதினது 1950லிருந்து 1954 வரை. எம்.ஜி.ஆர் 1950களின் கடைசியிலேயே படமாக்கப் பார்த்தார், நடக்கல. மணிரத்னமும் ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை தொடங்கப் பார்த்து விட்டவர்தான். ஆக, சில குடும்பங்களில் மூணு தலைமுறை காத்திருந்த படம் இது. அத்தனை வருஷமும் அவங்க சும்மா காத்திருக்கல. ஒவ்வொருத்தரும் தலைக்குள்ள ஒரு படத்தை எடுத்து முடிச்சுட்டாங்க. நந்தினிக்கு முகம், வந்தியத்தேவனுக்குக் குரல், கடம்பூர் மாளிகைக்கு வாசல் எல்லாம் ரெடி. தியேட்டரில் ஓடின படம் மோதினது அந்தப் படத்தோடதான்.

இது ஏன் த்ரில்லர்?

"சரித்திரக் கதைதானே, இதில் என்ன த்ரில்லர்?"னு கேக்கலாம். கதையோட முதுகெலும்பைப் பாருங்க. ஒரு பட்டத்து இளவரசனைக் கொல்ல ஒரு கூட்டம் சபதம் போடுது. கொலை நடக்கப் போகுதுன்னு வாசகருக்குத் தெரியும். யார் கையால, எப்போங்கறதுதான் தெரியாது. ஐந்து பாகத்தில் மூணாம் பாகத்துக்குப் பேரே 'கொலை வாள்'.

நாவலில் அந்தக் கொலை எப்படி நடக்குதுன்னு சொல்றேன். கடம்பூர் மாளிகை. ஒரு அறை. விளக்கு அணையுது. இருட்டில் ஆதித்த கரிகாலன் சாகறான். அந்த நேரத்தில் அங்கே நந்தினி இருக்கா, வந்தியத்தேவன் ஒளிஞ்சிருக்கான், ரவிதாசன் கூட்டம் சுத்திட்டிருக்கு, பெரிய பழுவேட்டரையர் வேற வேஷத்தில் வந்திருக்கார். பழி வந்தியத்தேவன் மேல விழுந்து பாதாளச் சிறைக்குப் போறான். அவனைக் காதலிக்கிற மணிமேகலை, நான்தான் கொன்னேன்னு சொல்றா. கடைசியில் பெரிய பழுவேட்டரையர், அது தன் கையால நடந்ததுன்னு சொல்றார். இத்தனை பேர் சொல்லியும் வாசகருக்குச் சந்தேகம் தீராது. கல்கி அந்த இருட்டை வேணும்னே முழுசா விலக்கல. எழுபது வருஷமா வீட்டுத் திண்ணையில் சண்டை போட வெச்ச இருட்டு அது.

படம் என்ன செஞ்சுது? அந்த இருட்டை எடுத்துட்டு, கரிகாலனையும் நந்தினியையும் நேருக்கு நேர் நிறுத்துச்சு. இரண்டாம் பாகம் தொடங்கறதே அவங்க சின்ன வயசுக் காதலில்தான். அதனால கொலைக் காட்சி, "யார் செஞ்சது?"ங்கற கேள்வியா இல்லாம, "இவங்களால இதைச் செய்ய முடியுமா?"ங்கற கேள்வியா மாறிடுச்சு. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் அந்த அறையில் நிக்கும்போது எனக்கு மூச்சு முட்டுச்சு. பெரியம்மைக்கோ நாவலோட உயிர்முடிச்சையே யாரோ அவிழ்த்து நீட்டின மாதிரி இருந்திருக்கு.

மூணு கட்சி

படம் வந்தப்புறம் நடந்த சண்டையைக் கேட்டவரைக்கும், பிரிஞ்சு நின்னது ரெண்டு கட்சி இல்லை, மூணு.

முதல் கட்சி, நாவல் வாசகர்கள். அவங்க குறைப் பட்டியல் நீளம். மணிமேகலை படத்திலேயே இல்லை. நாவலின் கடைசி அத்தியாயத்தில் அழவெக்கிறதே அந்தப் பொண்ணுதான். அடுத்து சேந்தன் அமுதன். நாவலில் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிற அந்தப் பையன்தான் உண்மையான மதுராந்தகன்னு தெரிய வரும். அவன் கையில் மணிமகுடம் போகும். கல்கியோட பெரிய திருப்பங்களில் ஒண்ணு. படத்தில் சேந்தன் அமுதன் இருக்கான், அந்தத் திருப்பம் இல்லை. ரகுமான் நடிச்ச மதுராந்தகனுக்கே மகுடம் போகுது. அதுக்கு மேல, நாவலில் இல்லாத ராஷ்டிரகூடப் போர் ஒண்ணு கடைசியில் வருது.

இரண்டாம் கட்சி, நாவல் படிக்காதவங்க. நான் அந்தக் கட்சி. எங்களுக்கு இந்தக் குறை எதுவும் தெரியாது. எங்க குறை வேற. பேர் ஞாபகம் வெக்கறதே பாடா இருக்கு, யார் யாருக்கு என்ன உறவுன்னு புரியறதுக்குள்ள காட்சி மாறிடுது. முதல் கட்சிக்கு "ஏன் இவ்வளவு வெட்டினீங்க?", எங்களுக்கு "ஏன் இவ்வளவு வெச்சீங்க?" படம் எடுத்தவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. நாவல் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல. ரெண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். யாருக்காவது கோபம் வந்தே தீரும்.

மூணாவது கட்சி, வரலாறு படிக்கிறவங்க. இவங்க நாவலையும் நம்பறதில்லை, படத்தையும் நம்பறதில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜனோட இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பேர் அதில் வருது. அவங்க உறவுக்காரங்க சொத்து பத்தின கல்வெட்டு அது. உத்தம சோழனுக்கு இந்தக் கொலையில் பங்கு இருக்கலாம்னு நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அந்த வழக்கு இன்னும் முடியல. நந்தினி, ஊமை ராணி ரெண்டு பேரும் கல்கியோட கற்பனை.

வேடிக்கை என்னன்னா, சேந்தன் அமுதன் திருப்பமும் கற்பனைதான். வரலாற்றில் உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த பிள்ளை. அப்போ அந்தத் திருப்பத்தை வெட்டினதால படம் நாவலை விட்டு விலகி, அந்த ஒரு இடத்தில் வரலாற்றுக்குப் பக்கத்தில் போயிடுச்சு. "கல்கிக்குத் துரோகம்"னு ஒருத்தர் சொல்ற அதே காட்சியை "பரவால்ல, இது சரி"ன்னு இன்னொருத்தர் சொல்ல முடியும். ரெண்டு பேர் சொல்றதிலும் நியாயம் இருக்கு.

நம்ம ஊர் எங்கே வருது?

நாவலில் வந்தியத்தேவன் குதிரை கோடிக்கரையோடு நின்னுடும். அங்கிருந்து படகேறி ஈழம் போயிடுவான். குமரிப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆனா கொலைக்குப் பின்னாடி இருக்கிற வரலாறு நம்ம வாசலுக்கு வருது. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வர்ற காந்தளூர்ச் சாலை, திருவனந்தபுரம் வலியசாலைன்னு பலர் சொல்றாங்க. அந்தச் சாலையோட நடைமுறையைப் பின்பற்றித்தான் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைச்சதா செப்பேடு இருக்கு. அது நம்ம மாவட்டம், முஞ்சிறைப் பக்கம். ரவிதாசன் கூட்டத்துக்கும் காந்தளூருக்கும் தொடர்பு இருக்கலாம்னு யோசிச்சவங்க உண்டு. பாலகுமாரனோட 'உடையார்' படிச்சவங்களுக்கு அந்த வாசனை தெரியும்.

இன்னொண்ணு. மணிரத்னம், இளங்கோ குமரவேலோட சேர்ந்து திரைக்கதையில் வேலை செஞ்ச ஜெயமோகன்தான் வசனம். நாகர்கோவிலில் இருக்கறவர், முன்னாடி நம்ம பத்மநாபபுரத்தில் குடியிருந்தவர். அதனால எங்க ஊர் டீக்கடையில் இந்தச் சண்டைக்கு ஒரு சொந்தக்காரச் சூடு இருந்துச்சு. "நம்மாளு எழுதியிருக்காரு"ன்னு ஒருத்தர், "நம்மாளா இருந்தும் மணிமேகலைய விட்டுட்டாரே"ன்னு இன்னொருத்தர்.

இது புதுசா?

இல்லவே இல்லை. அமெரிக்காவில் தாமஸ் ஹாரிஸ் 1988ல் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' எழுதினார். பதினொரு வருஷம் கழிச்சு 1999ல் 'ஹானிபல்' வந்தது. துப்பறியும் நாயகி கடைசியில் அந்தக் கொலைகாரனோடயே வாழப் போறதா முடிச்சார். வாசகர்கள் பாதிப் பேர் கொதிச்சாங்க, பாதிப் பேர் துணிச்சல்னு கொண்டாடினாங்க. 2001ல் வந்த படம் அந்த முடிவை மாத்திடுச்சு.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1954ல் பொன்னியின் செல்வன் முடிஞ்சப்போ, திடீர்னு முடிச்சிட்டீங்கன்னு கல்கிக்கே வாசகர்கள் எழுதினாங்க. இவங்க என்ன ஆனாங்க, அவங்க என்ன ஆனாங்கன்னு கேள்வி. அதுக்குப் பதில் சொல்லவே அவர் தனியா ஒரு முடிவுரை எழுதவேண்டி வந்தது. அந்த வருஷம் டிசம்பரில் அவர் போயிட்டார். அப்புறம் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு தொடர்ச்சி எழுதினார். அதை ஏத்துக்கிட்டவங்களும் உண்டு, கல்கிக்கு அப்புறம் ஒரு வரிகூட வேண்டாம்னு இருக்கறவங்களும் உண்டு. ஆக, 2023ல் நாம கேட்டது பழைய சண்டைதான். திண்ணையிலிருந்து தியேட்டர் வாசலுக்கு வந்திருக்கு.

அப்போ யார் சரி?

நான் படம் பார்த்த வேகத்தில் பெரியம்மைகிட்ட முதல் வால்யூமை வாங்கினேன். ஐந்து பாகமும் முடிக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு. மணிமேகலை சாகிற இடத்தில் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். முதல் கட்சியோட கோபம் அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

திருப்பிக் கொடுக்கப் போனப்போ பெரியம்மை ஒண்ணு சொன்னாங்க. "இப்பம் எடுத்து வாசிச்சா நந்தினிக்கு அந்த ஐஸ்வர்யா ராய் மொகந்தான் வருது. நாப்பது வருசமா எனக்க மனசுல இருந்த மொகம் எங்கயோ போச்சு, மக்களே. யோசிச்சாலும் வரமாட்டேங்குது." அதைச் சொல்லும்போது அவங்க குரலில் கோபம் இல்லை. எதையோ தொலைச்சுட்டுத் தேடற மாதிரி இருந்துச்சு.

எனக்கு அப்படி ஒரு முகம் முன்னாடி இருந்ததே இல்லை. ஐஸ்வர்யா ராய் முகத்தோடதான் நான் நாவலையே படிச்சேன், அதனால எனக்கு நஷ்டம் தெரியல. ஆனா அந்தப் படம் வரலேன்னா நான் அந்த அலமாரியைத் திறந்திருக்கவே மாட்டேன். எனக்கு ஒரு நாவல் கிடைச்சுது, அவங்களுக்கு ஒரு முகம் போச்சு. ரெண்டும் ஒரே படத்தால நடந்தது. அதனால "படம் நல்லாருக்கா?"ன்னு இனி யாராவது கேட்டா, நாவலைப் படிச்சாச்சான்னு முதல்ல கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுவேன்.

நீங்க எந்தக் கட்சி? கடம்பூரில் கொன்றது யார்னு நீங்க நினைக்கிறீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதுக்கு முன்னாடி, உங்க வீட்டில் ஒரு பைண்டு வால்யூம் இருந்தா, அதை வெச்சிருக்கறவங்ககிட்ட, அவங்க நந்தினி எப்படி இருப்பான்னு கேளுங்க. மறக்கறதுக்குள்ள கேட்டு வெச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே. மழை இன்னும் விடல.