சீனக் காசா, தாயத்தா?

நடுவுல சதுர ஓட்டை, சுத்தி நாலு சீன எழுத்து. ஆன்லைன்ல 'பழங்காலச் சீன நாணயம்'னு யாராவது வித்தா, முதல்ல பின்பக்கப் படம் கேளுங்க.

சிங் வம்சத்துக் காசுல முன்பக்கம் பேரரசரோட ஆட்சிப் பெயரும் 'தோங்பாவ்' என்ற சொல்லும் இருக்கும். பின்பக்கம் பெரும்பாலும் மஞ்சு எழுத்தில் நாணயச்சாலையின் பெயர் மட்டும்தான். அங்கே டிராகன், பீனிக்ஸ், ராசி விலங்குகள் தெரிஞ்சா அது புழங்கின பணம் இல்லை. அதிர்ஷ்டத்துக்கும் பேய் விரட்டவும் வச்சிருந்த தாயத்து.

முன்பக்க எழுத்தை மட்டும் நம்பினா மாட்டிக்குவீங்க. 'ஜெங்தே தோங்பாவ்' நிறைய கிடைக்குது. ஆனா 1521 வரை ஆண்ட அந்த மிங் பேரரசர் தன் பெயரில் காசே வெளியிடலை! கிடைக்கிறதெல்லாம் பின்னாடி வந்த தாயத்துகள்தான்.

'சௌயுவான் தோங்பாவ்' இன்னும் குழப்பம். 955-ல் புத்தர் சிலைகளை உருக்கி வார்த்த நிஜக் காசு அது. அதுக்கு நோய் தீர்க்கும் சக்தி இருக்குன்னு மக்கள் நம்ப, அதே எழுத்தோட, பின்னாடி டிராகன் போட்டுத் தாயத்துகள் குவிஞ்சது.

தாயத்துன்னா போலின்னு அர்த்தமில்லை. பழைய தாயத்தைத் தேடி வாங்குற சேகரிப்பாளர்களும் உண்டு. சிவப்புக் கயிறு கட்டி வர்ற ஃபெங் சுயி காசுதான் வேற கதை. அதுல பின்பக்க மஞ்சு எழுத்தையும் சேர்த்தே காப்பி அடிச்சிருப்பாங்க.