கல்லிலிருந்து வெள்ளீயம்

பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதையும் ஈயம் என்கிறோம். லாரி பாட்டரிக்குள் இருப்பதையும் ஈயம் என்கிறோம். முன்னது வெள்ளீயம், ரசச் சொம்பு செய்ய உகந்தது. பின்னது காரீயம், நஞ்சு. ஈயம் பூசும் தொழிலாளியின் மகனாகிய எனக்கு, இங்கே வேதியியல் படிக்க வந்தபின் வெள்ளீயத்தைக் கல்லிலிருந்தே எடுத்துப் பார்க்கும் ஆசை பிறந்தது.

அந்தக் கல்லின் பெயர் காசிட்டரைட். வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். நம் நாட்டில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் கிடைக்கிறது. நிலவியல் பயிலும் நண்பர் கொஞ்சம் கொடுத்தார். கறுப்பு நிறம், கையில் எடுத்தால் வியப்பூட்டும் கனம். அதன் அடர்த்தி ஏறத்தாழ 7; வெண்மணலுக்கோ 2.65 தான். எனவே இடித்துத் தூளாக்கி, அரிசியில் கல் அரிப்பதுபோல் தாம்பாளத்தில் நீர்விட்டு அரித்தால் மணல் ஓடிவிடும், கறுப்புத் தூள் தங்கும். மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் பெண்கள் மரத்தட்டை வைத்து இப்படித்தான் அரித்தெடுத்தார்கள்.

கல் அதுதானா என்றறிய அழகான சோதனை ஒன்று உண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டின்மேல் கல்லை வைத்தால், அதன்மேல் சாம்பல் நிற வெள்ளீயம் படியும். கல் தனக்குத்தானே ஈயம் பூசிக்கொள்கிறது என்றேன், அப்பா சிரித்தார்.

வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும். ஆனால் ஆக்சிஜனிடமிருந்து அதைப் பிரிக்க அந்தச் சூடு போதாது. நடைமுறையில் 1,000 பாகைக்கு மேல் வேண்டும். தூளோடு கரித்தூளைக் கலந்து, சிறிது வெண்காரம் தூவி, மூசையில் மூடி, அப்பாவின் உலையில் வைத்து ஊதினோம். கரி ஆக்சிஜனைப் பறித்துக் கார்பன் மோனாக்சைடாகிறது. அது உயிர் குடிக்கும் வாயு. ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கல் சூடேறும்போது பூண்டு வாடை வந்தால் ஆர்சனிக் இருக்கிறது. உடனே விலகிவிட வேண்டும்.

தூய கல் 100 கிராமில் வெள்ளீயம் சுமார் 78 கிராம். நாங்கள் இட்டது 50 கிராம், கிடைத்தது 27. மிச்சம் கசடோடு போயிற்று.

ஆறியதும் மெல்லிய கம்பியாக்கி வளைத்தேன். 'கிறீச்' என்றது! வெள்ளீயத்தின் படிகங்கள் எழுப்பும் ஒலி அது. காரீயம் ஊமை, காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும். அப்பா இப்போது கடையில் வாங்கும் கம்பியையும் வளைத்துக் காதில் வைக்கிறார். சிறு கலப்படம் காதுக்குத் தெரியாது. நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் வெள்ளீயம் வெண்தூளாய்த் தங்கும், காரீயம் கரைந்து போகும். வடிநீரில் கந்தக அமிலம் விட்டால் காரீயம் வெள்ளையாய்ப் படியும். கடைக் கம்பியில் ஒரு துணுக்கைக் கொண்டுவர ஆய்வக ஆசிரியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.