பழைய வாகனங்களும் பழுது பார்க்கும் அறிவும்

மூதூரில் பழைய காரொன்றை வைத்திருப்பவரிடம், அதனை விற்றுவிட்டுப் புதியதை வாங்கலாமே என்று சொல்வது எவருக்கும் இலகுவானது. வாங்குவதோ அத்துணை இலகுவன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகளோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும் கடைக்குச் சாமான் ஏற்றவும் பழைய வாகனத்தையே நம்பியிருப்போர் பலர்.

இத்தகைய வாகனங்களில் அடிக்கடி சிரமம் தரும் உறுப்பு காபரேற்றர் ஆகும். அதனை வீட்டு முற்றத்திலேயே செப்பனிட முடியுமா என்றால், முடியும் என்பதே எமது பதில். ஆயினும் அதற்குச் சில நிபந்தனைகள் உள்ளன.

இலங்கையில் பெரிதும் அறியப்பட்ட மொறிஸ் மைனரை உதாரணமாகக் கொள்வோம். 1948 இல் அறிமுகமான இக்காரில் நீண்டகாலம் பொருத்தப்பட்டது எஸ்.யு. வகைக் காபரேற்றர். இயந்திரம் காற்றை உறிஞ்சும்போது குவிமூடியினுள் உள்ள பிஸ்டன் மேலெழுகின்றது. அதனோடு இணைந்த கூர்ஊசி, ஜெட் எனப்படும் துவாரத்திலிருந்து உயர்ந்து அதற்கேற்ற பெற்றோலை விடுகின்றது. பக்கத்திலுள்ள கிண்ணத்தில் மிதவை ஒன்று பெற்றோலின் மட்டத்தைக் காக்கின்றது. இவ்வளவே அதன் சூத்திரம்.

இந்த எளிமையே போர்க்காலத்தில் எமது மக்களுக்குக் கைகொடுத்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் தடைப்பட்டபோது, சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். ஆனால் அதற்கொரு விலை இருந்தது. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் கரியாகப் படிந்தது. இயந்திர எண்ணெயுடன் கலந்து அதன் வலுவைக் குறைத்தது. அன்றைய நிர்ப்பந்தத்தை இன்று சிக்கனமென்று எவரும் பின்பற்றலாகாது.

ஓடாமல் நிற்பதும் காபரேற்றருக்குக் கேடாகும். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய் நோக்கியும், சம்பூர்ப் பகுதித் தமிழர் மட்டக்களப்பு நோக்கியும் இடம்பெயர்ந்ததை நாம் மறக்கவில்லை. அவ்வாறு கைவிடப்படும் வாகனமொன்றில் பெற்றோல் ஆவியாகி, பிசின்போன்ற படிவு நுண்துவாரங்களை அடைத்துவிடும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் திருகாணிகளை இறுகச் செய்யும். 2022 எரிபொருள் நெருக்கடியில் நெடுநாள் நிறுத்தப்பட்ட வாகனங்களுக்கும் இதே ஆபத்து இருந்தது.

இனி, வேலைக்கு வருவோம். இயந்திரம் முழுமையாக ஆறியபின் திறந்த வெளியில் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும். முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுக. கேபிள்களும் குழாய்களும் இருந்த இடத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்வது நன்று. குவிமூடியைத் திறக்குமுன் அதுவும் உடற்பகுதியும் பொருந்தும் இடத்தில் அடையாளமிடுக. அம்மூடியும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளவாகச் செய்யப்பட்டவை, வேறொன்றுடன் மாற்றலாகாது. அவற்றை மெல்லிய துணியால் துடைப்பதன்றி உப்புத்தாள் கொண்டு தேய்த்தல் பெருந்தவறு. ஜெட்டைக் கம்பியால் குத்துவதும் அவ்வாறே. துவாரம் ஒரு மயிரிழை பெருத்தாலும் எரிபொருள் அளவு கெட்டுவிடும். காற்றை ஊதியே அடைப்பை நீக்க வேண்டும்.

மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் அசைந்தால் அது துவாரப்பட்டுள்ளது, மாற்றுவதே வழி. மிதவை ஊசியில் தேய்ந்த வளையம் தெரிந்தால் அதனையும் கஸ்கெற்றுகளையும் புதிதாக இடுக. திறொட்டில் அச்சு ஆடினால் அது கடைசல் இயந்திரத்தில் செய்யவேண்டிய வேலை. அங்கே மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

மீளப் பொருத்தியபின் பிஸ்டனை விரலால் உயர்த்தி விடுக. 'டக்' என்ற ஒலியுடன் தடையின்றி விழவேண்டும். பின்னர் குவிமூடியின் நடுவே மெல்லிய எண்ணெயை விட்டு, இயந்திரத்தைச் சூடேற்றி, பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி நிலைத்தால் பெற்றோல் அதிகம். இயந்திரம் அணைந்தால் குறைவு. சற்றே கூடி உடன் அமைதியடைந்தால் அளவு சரி. ஜெட்டின் கீழுள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பியே திருத்துதல் வேண்டும்.

இவை அனைத்திலும் முக்கியமானது பாதுகாப்பு. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது; தரையோடு ஊர்ந்து சென்று தூரத்திலுள்ள அடுப்பில் தீப்பற்றக் கூடியது. மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் இலகுவில் பற்றாது. பெற்றோலோ உறைகுளிரிலும் பற்றும். நுளம்புத்திரி, சிகரெட், குப்பி விளக்கு எதுவும் அருகே இருத்தல் கூடாது. பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். ஒரு வாளி மணல் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும். வடித்த பெற்றோலைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைப்பதால் நேரும் விபரீதத்தைச் சொல்லத் தேவையில்லை.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் பாதையில் ஏற்றியே வாகனங்களைக் கடத்தினோம். நடுவழியில் பழுதானால் திருத்துவதற்குக் கைத்திறனே துணையாக இருந்தது. அந்த அறிவு இன்று முதிய மெக்கானிக்குகள் சிலரிடமே எஞ்சியுள்ளது. புதிய வாகனங்களில் காபரேற்றர் இல்லையாதலால் இளைஞர்கள் அதனைக் கற்பதற்கான தேவை அருகி வருகின்றது. எமது தொழிற்பயிற்சி நிலையங்கள் இம்முதியோரை அழைத்து, அவர்கள் கைகளால் செய்வதை மாணவர்கள் எழுதியும் படம்பிடித்தும் வைக்க வழிசெய்ய வேண்டும். அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இது நடைபெற வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.