இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா?

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் இடம்பெயர்ந்து, இப்போது தோட்டத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள். மழை இரவுகளில் பயம் வருவது இயல்பே. காலையில் தாடை இறுகி, நெற்றிப்பொட்டு வலிக்கிறதா? தூக்கத்தில் ‘நறநற’வென்று பல்லைக் கடிப்பதாக வீட்டார் சொல்கிறார்களா? (லயத்து அறையில் இது மறைந்திருக்காது.) மனப்பதற்றம் இதற்கு முக்கியமான ஒரு காரணம். நாளடைவில் பற்கள் தேயும், கூசும், வெடிக்கவும் கூடும்.

பகலிலும் கவனியுங்கள். கொழுந்துக் கூடையோடு மேடு ஏறும்போது பல்லை இறுக்கிக்கொள்வோம். உதடு மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் இருக்கட்டும். மாலைக்குப் பிறகு கடுஞ்சாயத் தேநீர், மது, புகையிலையைத் தவிருங்கள். வெற்றிலை பாக்கு களைத்த தாடையை இன்னும் வருத்தும். படுக்குமுன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்தில் ஒத்தடம் கொடுங்கள்.

வலி நீடித்தால் டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ பல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் அச்செடுத்து, இரவில் பல்லில் மாட்டும் காப்பு உறை செய்யலாம். அது பற்கடிப்பை நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாக உறை தேயும்.

பிள்ளைகள் பல்லைக் கடித்தால் ‘வயிற்றில் பூச்சி’ என்பார்கள். அதற்காக மட்டும் பூச்சி மருந்து கொடுக்காதீர்கள். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும்.

பயத்தால் தூக்கமே வராவிட்டால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.