ஓமைப் பார்த்து மிரளாதீர்கள்

கும்பகோணத்து வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ஆசைப்பட்டு சென்ஹைசர் எச்.டி. 650 ஹெட்போன் வாங்கிவிட்டார். பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருக்கிறது. "முந்நூறு ஓமை இழுக்க எண்பதாயிரம் ரூபாய்க்காவது ஆம்ப் வேண்டும். செல்போனில் மாட்டினால் ஹெட்போனுக்கே அவமானம்" என்று கடைக்காரர் சொன்னாராம். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் ஐயா. கடைக்காரரை நம்புவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எச்.டி. 650க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி வரும். எவ்வளவு ஆர்ப்பாட்டமான இசையிலும் உச்சத்தில் 110 டெசிபல் கிடைத்தால் தாராளம். அதற்கு 2.2 வோல்ட் போதும். மின்னோட்டம் ஏழரை மில்லியாம்பியர், சக்தி 17 மில்லிவாட். டைப்-சி துளையில் செருகும் சிறிய டாங்கிள்களில் பல 1 வோல்ட் தருகின்றன. கொஞ்சம் கூடுதல் விலைக்கு 2 வோல்ட் தருபவையும் உண்டு. ஆக, முந்நூறு ஓம் ஒன்றும் அடங்காத காளை இல்லை.

இப்போது ஹைஃபைமேன் எச்.இ.6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு வெறும் 50 ஓம். கடைக்காரரின் கணக்குப்படி இது சாதுவாக இருக்க வேண்டும். ஆனால் 1 மில்லிவாட் கொடுத்தால் 83.5 டெசிபல்தான் வரும். அதே 110 டெசிபலை எட்ட 450 மில்லிவாட் வேண்டும், 4.7 வோல்ட், 95 மில்லியாம்பியர். எச்.டி. 650 கேட்பதைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு சக்தி. இதற்காகவே இதை ஸ்பீக்கர் ஆம்பில் கோத்துக் கேட்டவர்கள் உண்டு.

காரணம் உள்ளே இருக்கிறது. எச்.டி. 650இல் ஒரு சவ்வும் அதில் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருளும் அசைகின்றன. முடிபோன்ற கம்பியைப் பல சுற்று சுற்றுவதால் ஓம் ஏறுகிறது. அது பலவீனத்தின் அடையாளம் அல்ல. எச்.இ.6 பிளேனர் வகை. அதில் சுருள் கிடையாது. சவ்வின் பரப்பெங்கும் மின்தடங்கள் ஓட, காந்தங்களுக்கு நடுவே சவ்வு முழுவதுமாக அசைகிறது. பேயர்டைனமிக் தன் டி.டி. 880 மாடலை 32, 250, 600 ஓம் என மூன்று விதமாக விற்றிருக்கிறது. ஓம் கூடினால் வோல்ட் அதிகம் வேண்டும், ஓம் குறைந்தால் மின்னோட்டம் அதிகம் வேண்டும். எவ்வளவு சத்தம் என்பதைச் சொல்வது ஓம் அல்ல, சென்சிடிவிட்டி. அதைப் படிக்கும்போதும் ஒரு கண்ணிவெடி இருக்கிறது: சிலர் ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று அச்சிடுவார்கள், சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்பார்கள். எச்.டி. 650இன் 103 என்பது வோல்ட் கணக்கு. மில்லிவாட் கணக்கில் அது 98தான்.

சக்திக் கணக்கு இத்துடன் முடிந்தது. எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஹெட்போனுக்கு ஓம் இருப்பதுபோல ஆம்பின் வாசலுக்கும் ஓம் உண்டு. அவுட்புட் இம்பீடன்ஸ் என்பார்கள். பெட்டியில் இதைப் போடாத நிறுவனங்களே அதிகம்.

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப் ரொம்ப ஒல்லி. குளியலறைக் குழாயை லேசாகத் திருகினால் தண்ணீர் சீறும்; முழுக்கத் திறந்தால் சோர்ந்துவிடும். தொட்டியின் நீர்மட்டம் அப்படியேதான் இருக்கிறது. தண்ணீர் வேகமெடுக்கும்போது அழுத்தத்தை ஒல்லி பைப்பே தின்றுவிடுகிறது. ஆம்பின் வாசல் ஓம் அந்த பைப். ஹெட்போன் எவ்வளவு திறந்த குழாய் என்பதைச் சொல்வது அதன் ஓம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஹெட்போனின் ஓம் எல்லா ஒலிக்கும் ஒன்றல்ல. எச்.டி. 650 பெயருக்கு 300 ஓம். 90 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஏறத்தாழ 500 ஆகிவிடும். சவ்வு இயல்பாக அதிரும் இடம் அது. வாசல் ஓம் 1 உள்ள ஆம்பில் மாட்டினால் இந்த ஏற்றம் காதுக்குத் தெரியாது. 120 ஓம் உள்ளதில் மாட்டினால் 300 ஓம் இடத்தில் 71 சதவீத வோல்ட்டும், 500 ஓம் இடத்தில் 81 சதவீதமும் போய்ச் சேரும். வித்தியாசம் 1 டெசிபல். பேஸ் கிதாரின் ஜி தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது 98 ஹெர்ட்ஸ். ஆக, இளையராஜா பாட்டில் அடியில் நடந்துபோகும் அந்த பேஸ் கிதார் சற்றே பூரித்துக் கேட்கும். "வால்வ் ஆம்பில் ஒரு கதகதப்பு இருக்கிறது சார்" என்று உருகுபவர்கள் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வ் ஆம்ப்களுக்கு வாசல் ஓம் பெரும்பாலும் அதிகம். அவர்கள் கேட்பது பொய்யில்லை. அதன் காரணம் மட்டும் மாயமில்லை.

120 என்ற எண்ணை நானாக எடுத்துக்கொள்ளவில்லை. 1996இல் வந்த ஐ.இ.சி. 61938 என்ற பன்னாட்டுத் தரம் ஹெட்போன் வாசலுக்குப் பரிந்துரைத்த எண் அது. இன்று ரசிகர்கள் வைத்திருக்கும் விதி நேர் எதிரானது: வாசல் ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. பிளேனர் ஹெட்போனுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் ஓம் எல்லா ஒலிக்கும் கிட்டத்தட்ட ஒரே கோடாகப் போகும். காதுக்குள் செருகும் ஆர்மேச்சர் வகை இயர்போனுக்குத்தான் ஆபத்து. ஓரிடத்தில் 10 ஓம், இன்னோரிடத்தில் 40 ஓம் என்று அது தாவினால், வாசல் ஓம் 10 உள்ள ஆம்பில் 4 டெசிபல் வித்தியாசம் வந்து ஒலியின் குணமே மாறிவிடும். பாடகியின் குரல் அடைத்துக்கொண்டதுபோலக் கேட்டால் அவர் மேல் பழி போடாதீர்கள்.

இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது நம் ஆட்கள் செய்கிற அநியாயம் ஒன்று இருக்கிறது. ஒன்றைக் கேட்டுவிட்டு, கழற்றி, அடுத்ததில் மாட்டி, குமிழைக் கைபோன போக்கில் திருகுகிறார்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் நம் மூளை அதைச் 'சத்தம்' என்று சொல்லாமல் 'தெளிவு' என்று சொல்லும். அந்த ஒரு டெசிபலுக்குப் பல ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. சீரான ஒரு 300 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியபடியே, இரண்டு ஆம்பிலும் ஒரே வோல்ட் வருகிறதா என்று சாதாரண மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். பாதி ஆம்ப்கள் அண்ணன் தம்பியாகிவிடும்.

விலை ஏறினால் ஒலி ஏறும் என்பதும் நம்பிக்கைதான். 2017இல் யெரூன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை. பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் ஹெட்போன்; அதிலும் பஞ்சு, கேபிள், தலைப்பட்டை எல்லாம் தனித்தனியாக வாங்கி மாற்றக்கூடியதாகப் பாருங்கள். எச்.டி. 600 வந்தது 1997இல். எச்.டி. 650 அதன் தம்பி. நைந்த பஞ்சை மாற்றிவிட்டு அவற்றை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சு உரிந்ததற்காக நல்ல ஹெட்போனைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அதைவிட வயிறு எரிவது, பெரிய ஆம்ப் வாங்கிய பெருமையில் குமிழைக் கடைசிவரை திருப்புகிறவர்களைப் பார்த்தால். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். நான் சொன்ன 110 டெசிபல் தாள உச்சத்தில் கண்ணிமைப்பில் வந்துபோவதற்கு, குடியிருப்பதற்கு அல்ல. உட்செவியின் மயிர்செல்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதற்கு மாற்றுப் பஞ்சு எந்தக் கடையிலும் இல்லை.

ஆகவே கும்பகோணத்து நண்பரே, 2 வோல்ட் தரும், வாசல் ஓம் ஒற்றை இலக்கத்தில் உள்ள ஒரு டாங்கிளோ சிறிய ஆம்போ வாங்குங்கள். சில ஆயிரங்களில் முடிந்துவிடும். வாங்கும்போது "இதன் அவுட்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் எண்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.