வலப் பக்கம் ஓடும் பந்து

"இந்த வயதில் உங்களுக்கு எதற்கு மன்னி கோல்ஃப்?" என்று என் நாத்தனார் கேட்டாள். மருமகள் வாய் திறந்து கேட்கவில்லை, கண்ணால் கேட்டாள். நீங்களும் கேட்கலாம். எல்லோருக்கும் ஒரே பதில்தான். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மொட்டை மாடியில் நடந்தால் பத்து நிமிஷத்தில் அலுத்துப் போகிறது. ஒரு பந்தை அடித்துவிட்டு, அதைத் தேடிக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரிவதில்லை.

ஆனால் ஒரு சங்கடம். நான் அடிக்கும் பந்து கொடியை நோக்கித்தான் கிளம்பும். பாதி தூரம் போனதும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தாற்போல், சட்டென்று வலப் பக்கம் திரும்பி வேலியோரத்துக்குப் போய்விடும். இதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்லைஸ்'. புதிதாக ஆட வருகிறவர்களில் பெரும்பாலோரைப் பிடித்து ஆட்டும் வியாதி இது. (வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக் கொள்ளுங்கள்.)

பந்து எங்கே போனால் என்ன, விளையாட்டுத்தானே என்று நானும் இருந்துவிட்டேன், ஒரு நாள் காலை வரையில்.

வேலியோரத்தில் ஒருத்தி

அன்றும் பந்து வழக்கம் போல் வளைந்தது. வேலியோரத்தில் ஒரு பெண் குனிந்து புல் அறுத்துக் கொண்டிருந்தாள். இப்படிப் பந்து தவறும்போது "ஃபோர்!" என்று உரக்கக் கத்தி எச்சரிப்பது ஆட்டத்தின் மரியாதை. எனக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொண்டது. நான் கத்துவதற்குள் பந்து அவளுக்கு இரண்டு முழ தூரத்தில் 'பொத்'தென்று விழுந்தது.

கோல்ஃப் பந்து விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய எலுமிச்சம்பழ அளவுதான். ஆனால் கல் மாதிரி கெட்டி. வேகத்தோடு வந்து தலையில் பட்டால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் பந்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள். "பரவாயில்லேம்மா. நீங்க மட்டையைத் தூக்கினாலே நாங்க மரத்துக்குப் பின்னாலே போயிடுவோம். இன்னிக்குத்தான் கவனிக்கலே" என்றாள்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. என் கோணல் அடிக்காக, யாரோ சிலர் தினந்தோறும் வேலையை விட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக் கொண்டிருந்திருக்கிறார்கள்! அன்றிரவு தூக்கம் வரவில்லை. இதைச் சரி செய்யாமல் இனி அந்த மைதானத்தில் ஆடுவதில்லை என்று தீர்மானித்தேன்.

மருந்தே நோயாகும் விந்தை

பந்து வலப் பக்கம் போகிறதா? இடப் பக்கம் பார்த்து நின்று அடித்தால் சரியாகப் போயிற்று! இது என் முதல் யோசனை. உங்களுக்கும் இதுதான் தோன்றும். செய்து பார்த்தேன். பந்து முன்னைவிட அதிகமாக வளைந்து போயிற்று.

காரணம் இதுதான். மட்டை பந்தைத் தொட்டுக் கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் பந்துக்கு உங்கள் எண்ணம் தெரியாது, பிரார்த்தனையும் கேட்காது. அதற்குத் தெரிந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று, மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. இரண்டு, மட்டை எந்தத் திசையில் வீசி வருகிறது என்பது. இரண்டும் ஒத்துப் போனால் பந்து நேரே போகும். வீச்சு இடப் பக்கமாகக் குறுக்கே இழுத்துக் கொண்டு வர, முகம் அதற்கு வலப்புறமாகத் திறந்திருந்தால் பந்தின் சுழற்சி ஒருபுறம் சாய்கிறது. சாய்ந்த சுழற்சி காற்றைத் தள்ள, காற்று பந்தை வலப் பக்கம் தள்ளுகிறது. நான் இடப் பக்கம் திரும்பி நின்றபோது என் தோளும் திரும்பியது, வீச்சு இன்னும் குறுக்கே போனது, கோளாறு இரட்டித்தது.

பந்தின் சுழற்சிக்கும் பறப்பதற்கும் உள்ள சம்பந்தத்தை 1890களில் ஆராய்ந்தவர் எடின்பரோ சர்வகலாசாலைப் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட். அவருடைய மகன் ஃப்ரெடி 1896, 1898 ஆகிய இரு வருஷங்களில் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். தகப்பனார் கணக்குப் போட, பிள்ளை அடித்துக் காட்டிய குடும்பம்!

பந்து முதலில் கிளம்பும் திசையைத் தீர்மானிப்பது வீச்சு என்றுதான் வெகு காலம் சொல்லி வந்தார்கள். அண்மைக் காலத்தில் ராடார் கருவிகள் வைத்து அளந்ததில், அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகமே என்று தெரிந்தது. ஆகவே பந்தே உங்களுக்கு நோயைச் சொல்லிவிடும். இடப் பக்கம் கிளம்பி வலப் பக்கம் வளைந்தால் வீச்சுதான் முக்கியக் குற்றவாளி. வலப் பக்கமே கிளம்பி மேலும் வலப் பக்கம் போனால் முகம் மிகவும் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று வைத்தியங்கள்

முதலாவது, பிடி. மட்டையைப் பிடித்துக் கொண்டு குனிந்து உங்கள் இடது கையைப் பாருங்கள். ஒரே ஒரு விரல் முட்டிதான் தெரிகிறதா? முகம் திறந்து போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு அல்லது மூன்று முட்டிகள் தெரியும்படி கையைச் சற்று வலப் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கோடு வலது தோளைக் காட்ட வேண்டும். இறுக்கிப் பிடிக்காதீர்கள். வெந்த உருளைக்கிழங்கைத் தோல் உரிக்கும்போது எப்படிப் பிடிப்பீர்கள்? நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. அந்தப் பதம்.

இரண்டாவது, நிற்கும் நிலை. இலக்கை நோக்கி ஒரு குடையைத் தரையில் வையுங்கள். அதற்கு இணையாகக் கால் விரல்கள், இடுப்பு, தோள் மூன்றும் இருக்கட்டும். கால் மட்டும் நேராக நின்று, தோள் இடப் பக்கம் திரும்பியிருப்பது நமக்கே தெரியாது. ஒரு தோழியைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வீச்சு. கஷ்டமெல்லாம் இங்கேதான். மேலே தூக்கிய மட்டையை இறக்கும்போது, ஓங்கி அடிக்கும் ஆத்திரத்தில் வலது தோள் முன்னால் பாய்ந்துவிடுகிறது. மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக் கொண்டு வருகிறது. தோளை அடக்கி, முதலில் இடுப்பு திரும்பட்டும். கை பிறகு வரட்டும். சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தித் தத்திப் போகும்படி எறிந்திருக்கிறீர்களா? கை பக்கவாட்டில் தாழ்ந்து, உள்ளிருந்து வெளியே போகும். அதே அசைவுதான்.

பழக ஓர் உபாயம்: பந்துக்கு அப்பால், சற்றுப் பின்னால், சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். பழைய வழக்கப்படி வெளியிலிருந்து வெட்டினால் மட்டை துண்டில் இடிக்கும். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்கப் பாருங்கள். முதலில் பாதி வீச்சு போதும். எடுத்த எடுப்பில் நீளமான 'டிரைவர்' மட்டையைத் தொட வேண்டாம். அதன் முகம் அதிகம் சாய்வில்லாதது, சிறு குற்றத்தையும் பெரிதாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஏழாம் நம்பர் இரும்பு மட்டையில் தொடங்குங்கள்.

தூரம் பெரிதா, நேர் பெரிதா?

"பெண்களுக்கு அவ்வளவு பலம் ஏது?" என்று சிலர் சொல்லக் கூடும். 2021-ல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கை நினைத்துக் கொள்ளுங்கள். அவரைவிட வெகு தூரம் அடிக்கிறவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். இருந்தும் நேரான ஆட்டத்தாலும், குழிக்கருகே காட்டிய நிதானத்தாலும் நான்காவதாக வந்தார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் பதக்கம் கை நழுவியது. அங்கே அவருடைய மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அவருடைய தாயார்!

மரத்துக்கு இந்தப் பக்கம்

இரண்டு மாதம் பயிற்சித் திடலிலேயே கழித்தேன். துண்டு கிழிந்தது, பொறுமை பல முறை கிழிந்தது. நடுவில் ஒரு வாரம், பந்து இடப் பக்கம் போய் விளையாட்டுக் காட்டியது. பிடியை அளவுக்கு மீறித் திருப்பியிருந்தேன், குறைத்ததும் அடங்கிவிட்டது.

பிறகு ஒரு நாள் பழைய இடத்துக்குப் போனேன். வேலியோரத்தில் அதே பெண் இருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். கதிரரிவாளை எடுத்துக் கொண்டு மரத்துக்குப் பின்னால் போனாள். எனக்குச் சுருக்கென்றது. அடித்தேன். பந்து பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் நேரே போயிற்று. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும்.

அடுத்த வாரம் நான் மட்டையை ஓங்கியபோது அவள் மரத்துக்கு இந்தப் பக்கமே இருந்தாள். தலை நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. புல் அறுத்துக் கொண்டிருந்தாள்.

இதுவரையில் நான் ஆடி வாங்கிய பரிசு அது ஒன்றுதான்.