மலை உச்சியில் கார் மவுனம்! சிவப்பு ஒயர் செய்த வேலை

காலை 7 மணி. வெள்ளிமலை.

பனி இன்னும் விலகவில்லை. குழந்தைகள் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பெரியார் அருவியில் குளித்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குக் கள்ளக்குறிச்சி போய்ச் சேரவேண்டும் என்பது திட்டம்.

என் மைத்துனர் சாவியைத் திருப்பினார்.

"டக்!"

அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். அந்த "டக்"கும் இல்லை.

"மாமா, பாட்டரி போச்சு!" என்றார்.

நேற்றுக் காலையில் கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே ஜோராக ஏறி வந்த கார் அது. ஓர் இரவில் என்ன ஆயிற்று?

சத்தம் கேட்டு, மலைவாழ் மக்கள் நாலு பேர் வந்தார்கள். காரை இறக்கம் பார்த்துத் திருப்பினார்கள். தள்ளினார்கள். அவர்களில் ஒரு பெரியவர், "ரெண்டாவது கியரைப் போட்டுக் கிளச்சை விடுங்க, தம்பி!" என்று கத்தினார். கார் ஒரு குலுங்கு குலுங்கியது. என்ஜின் ஓடியது.

பணம் கொடுத்தோம். வாங்கவில்லை.

"எங்க ஊரு ஜீப்பையே வாரத்துக்கு நாலு தடவை தள்றோம். இதுக்குப் போய்க் காசா?" என்றார் பெரியவர்.

வழியெல்லாம் யோசனை. என் மனைவி மட்டும் யோசிக்கவில்லை. "அந்தப் பாட்டுப் பெட்டியை மாட்டினதிலிருந்துதான்" என்றாள். மைத்துனர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அரை ஆம்பியர் திருடன்

"பாட்டுப் பெட்டி" என்றால் பழைய ரேடியோ அல்ல. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அகலத்தில் ஒரு தொடுதிரை. பாட்டுப் பாடும். படம் காட்டும். போகும் வழியும் சொல்லும். பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் மாட்டுவது இதைத்தான். மைத்துனரும் வேறு ஊரில் ஒரு கடையில் கொடுத்து மாட்டியிருந்தார். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார்களாம். பெருமையாகச் சொன்னார்.

கள்ளக்குறிச்சியில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காரைக் கொண்டுபோய் விட்டோம். அவர் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தார். சாவி எங்கள் கையில் இருந்தது. திரை இருட்டாக இருந்தது. ஆனால் மீட்டர் முள் நின்ற இடம், அரை ஆம்பியர்!

"அண்ணே, இது தூங்கவே இல்லை. கண்ணை மூடிக்கிட்டு முழிச்சிருக்கு" என்றார்.

இந்தத் திரைக்கு மின்சாரம் கொடுக்க முக்கியமாக மூன்று ஒயர்கள். கறுப்பு, காரின் உடம்பில் சேருவது. மஞ்சள், எந்நேரமும் பாட்டரியோடு இருப்பது. நேரத்தையும் பிடித்த பாட்டுகளையும் மறக்காமல் இருக்க மட்டும் இதிலிருந்து துளி மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சிவப்புதான் சாவியின் கட்டளைக்கு நடப்பது. சாவியைத் திருப்பினால் சிவப்பில் மின்சாரம் வரும், பெட்டி விழிக்கும். சாவியை எடுத்தால் தூங்கிவிடும்.

எங்கள் காரில் சாவிக்குப் போகும் ஒயரைத் தேட யாருக்கோ சோம்பல். சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கிவிட்டார்கள்! பிறகு எப்படித் தூங்கும்?

அரை ஆம்பியர் என்றால் கொஞ்சம்தானே என்று நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள். சின்னக் காரின் பாட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணி. அரை ஆம்பியர் வீதம் ஒழுகினால் 70 மணி நேரத்தில் காலி. அதாவது, மூன்று நாள்கூட இல்லை. அதுவும் புதுப் பாட்டரிக்கு. எங்களுடையது நாலு வருடப் பாட்டரி. என்ஜினைச் சுழற்றிவிட ஒரே மூச்சில் 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். இரவெல்லாம் ஒழுகிய தொட்டியில் அதற்கு ஏது தண்ணீர்?

பியூஸ் எங்கே?

எலக்ட்ரீஷியன் டாஷ்போர்டைக் கழற்றினார். உள்ளே பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காரோடு வந்த ஒயர்களைக் கத்தரித்து, கையால் முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அடுப்பு மாதிரி காயும். டேப்பின் பசை இளகும். சுற்று அவிழும். மஞ்சள் ஒயரின் செம்பு இரும்பில் பட்டால் போதும். பாட்டரியின் பலம் முழுவதும் அந்த மெல்லிய ஒயரில் பாயும். ஒயர் பழுக்கும். பக்கத்தில் இருப்பது பிளாஸ்டிக்!

அதைத் தடுப்பதற்குத்தான் பியூஸ். 10 ஆம்பியர் பியூஸ் என்றால், அந்த அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் தான் உருகி, பாதையைத் துண்டிக்கும். மின்சாரத்தை எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கவேண்டும். எங்கள் காரில்? மஞ்சள் ஒயரிலிருந்த பியூஸ் கூட்டை வெட்டி எடுத்துவிட்டு நேராக இணைத்திருந்தார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு இப்படித்தான் மலை ஏறியிருக்கிறோம்!

ஒயரை வெட்டவே வேண்டியதில்லை. அந்தந்தக் காருக்கென்று கப்ளர் கிடைக்கிறது. ஒரு முனை காரின் சாக்கெட்டில், மறு முனை திரையில். வேலை முடிந்தது. திரை உட்காரும் பள்ளத்துக்கும் பொது அளவு உண்டு. 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒற்றை "டின்". உயரம் 10 என்றால் இரட்டை "டின்". டின் என்பது ஜெர்மன் நாட்டுத் தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். தகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மஞ்சள் உறை போட்ட ஒயர்க் கட்டோ, மஞ்சள் சாக்கெட்டோ கண்ணில் பட்டால் அதில் கை வைக்கக்கூடாது என்றார் எலக்ட்ரீஷியன். அது காற்றுப்பையின் ஒயர். நம் மஞ்சள் ஒயர் அல்ல. பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்த பிறகே டாஷ்போர்டைத் திறக்கவேண்டுமாம்.

வண்டி ஓடும்போது சினிமா

அடுத்து அவர் காட்டியதுதான் எனக்கு மிகுந்த கோபம் உண்டாக்கியது.

திரையில் "பிரேக்" என்று ஓர் ஒயர் உண்டு. அது கைப்பிரேக்கோடு சேரவேண்டியது. கைப்பிரேக் போட்டு வண்டி நின்றால்தான் படம் ஓடும். வண்டி நகர்ந்தால் படம் நிற்கும். நம் கடைகள் பலவற்றில் அந்த ஒயரை நேராகக் காரின் உடம்பில் கட்டிவிடுகிறார்கள். வண்டி எப்போதும் நிற்கிறது என்று திரை ஏமாந்துபோகும்! கேட்டால், "கஸ்டமர் கேட்கிறாங்க" என்பார்கள். உண்மை. மைத்துனரும் கேட்டுத்தான் வாங்கியிருந்தார்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு வினாடி கண் திரைக்குப் போனால் கார் 22 மீட்டர் ஓடிவிடும். கல்வராயன் மலை வளைவில் 22 மீட்டர் ரோடு நேராக இருக்குமா? ஓட்டுகிறவர் படம் பார்க்கக்கூடாது, வழி பார்க்க வரைபடம் மட்டும் பார்க்கலாம் என்று 2017-ம் ஆண்டு வந்த ஓட்டுநர் விதிகளும் சொல்கின்றன.

காரில் பாட்டுக் கேட்கும் ஆசை புதிதல்ல. 1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் கம்பெனி கார் ரேடியோ ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மோட்டாரில் ஓடும் இசை என்ற பொருளில் "மோட்டரோலா" என்று பெயர். ரேடியோ கண்காட்சிக்குத் தம் காரிலேயே அதை மாட்டிக்கொண்டு போய், வாசலில் நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டு ஆர்டர் பிடித்தாராம் கால்வின். 1973-ல் கையில் பிடித்துப் பேசும் முதல் செல்போனைக் காட்டியதும் அதே கம்பெனிதான்.

வானத்திலிருந்து வழி

திரை வழி சொல்வது எப்படி? சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா விட்ட செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி நம்மிடம் வர ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். நாலு கோள்களின் சேதி வந்து சேரும் நேரத்தை வைத்து, நாம் நிற்கும் இடத்தைப் பெட்டி கணக்குப் போட்டுவிடும். இந்தியாவும் 2013 ஜூலை 1-ந் தேதி இத்தகைய வரிசையில் தன் முதல் கோளை விட்டது.

இதற்குச் செல்போன் டவர் வேண்டாம். வானம் தெரிந்தால் போதும். ஆகையால், அந்தச் சின்னக் கறுப்பு ஏரியலை இரும்புத் தகட்டுக்கு அடியில் மாட்டக்கூடாது. ஆனால் ரோட்டுப் படம் டவர் வழியாக வருவது. மலையில் பல இடத்தில் டவர் கிடையாது. வீட்டிலேயே படத்தை இறக்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

வாடகைக் கார்களில் இருக்கும் இடங்காட்டும் கருவி வேறு. 2016 நவம்பரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பயணி வாகனங்களுக்கு அது கட்டாயம். கூடவே அவசரப் பொத்தானும் உண்டு. டவர் இல்லாத இடத்தில் வண்டி போன பாதையைக் குறித்து வைத்திருந்து, டவர் வந்ததும் அனுப்பிவிடும். வாடகைக் காரில் ஏறும் பெண்கள் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் காருக்கு ஒரு கப்ளர், ஒரு பியூஸ் கூடு, அரை நாள் வேலை. பிரேக் ஒயரும் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தது. எலக்ட்ரீஷியன் மறுபடி மீட்டரை வைத்துக் காட்டினார். முள் ஏறக்குறைய அசையவில்லை.

அடுத்த மாதம் மீண்டும் வெள்ளிமலை போனோம். பாதி வழியில் டவர் போயிற்று. திரையில் நீலப் புள்ளி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. "படம் ஏன் வரலை?" என்று பையன் அழுதான். "மாமா நிறுத்தினால்தான் வரும்" என்றார் மைத்துனர்.

மறுநாள் காலை 7 மணி. அதே பனி. அதே பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்னால் வந்து நின்றார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் ஓடியது.

"அட, ஓடுதே!" என்று சொல்லிவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார்.